டேட்டா ஜர்னல் பக்: ஒரு வரி பேட்ச் போதுமா, டிசைனையே தொடணுமா, இல்ல மோடை மாத்திட்டு போயிடலாமா?

ஃபைல் சிஸ்டம் கோட்ல ஒரு பக் வந்தா அதை சரி பண்ண எப்பவுமே நாலஞ்சு வழி இருக்கும், எல்லாமே "வேலை செய்யும்" தான், ஆனா எதை எடுக்கறதுங்கறதுல தான் சண்டையே. இதை சும்மா பொதுவா பேசினா ஒண்ணும் புரியாது, அதனால நிஜமா நடந்த ஒண்ணை எடுத்துக்கறேன். லினக்ஸ் 2.4.20ல எக்ஸ்ட்3 ஃபைல் சிஸ்டத்துல வந்த டேட்டா ஜர்னலிங் பக். 2002 நவம்பர் கடைசில கெர்னல் ரிலீஸ் ஆச்சு, ஆன மறுநாளே பக் ரிப்போர்ட் வந்துடுச்சு. பழைய கதை தான், ஆனா பழைய ஸ்டேபிள் பிராஞ்ச் ஒண்ணை கையில வச்சிருக்கற யாருக்கும் இதே மாதிரி முடிவு இன்னைக்கும் வரும்.

முதல்ல பின்னணி. ஜர்னல்னா மாற்றங்களை சொந்த இடத்துல எழுதறதுக்கு முன்னாடி குறிச்சு வைக்கற பதிவேடு, கிராஷ் ஆனா அதை திரும்ப ஓட்டி (ரீப்ளே) சரி பண்ணிக்கலாம். எக்ஸ்ட்3ல இதுக்கு மூணு மோட் இருக்கு. ரைட்பேக்ல மெட்டாடேட்டா (ஃபைலோட பேர், அளவு, இடம் மாதிரி விவரங்கள்) மட்டும் ஜர்னலுக்கு போகும், டேட்டா எப்ப போகுதுன்னு கேரண்டி கிடையாது. ஆர்டர்ட்ல மெட்டாடேட்டா தான் ஜர்னல்ல, ஆனா அதை கமிட் பண்றதுக்கு (ஜர்னல்ல உறுதியா பதிச்சு முடிக்கறதுக்கு) முன்னாடி சம்பந்தப்பட்ட டேட்டா டிஸ்க்குக்கு போயிடணும். டேட்டா=ஜர்னல்னா ஃபைலோட உள்ளடக்கமும் சேர்த்து மொதல்ல ஜர்னல்ல எழுதி, அப்புறம் அதோட சொந்த இடத்துக்கு போகும், அதாவது ஒவ்வொரு பிளாக்கும் ரெண்டு தடவை எழுதப்படும். பெரும்பாலானவங்க டீஃபால்ட்டான ஆர்டர்ட்லயே இருப்பாங்க. ஜர்னல் மோடை தேடி வந்து போடறவங்க கொஞ்சம் பேர், அதுவும் டேட்டா மேல கவலை அதிகமா இருக்கறவங்க, இல்லன்னா மெயில் ஸ்பூல் மாதிரி குட்டி குட்டியா நிறைய எஃப்சிங்க் (ஒரு ஃபைலை உடனே டிஸ்க்குக்கு எழுத சொல்ற கால்) அடிக்கற வேலை இருக்கறவங்க, ஏன்னா சிதறிக் கிடக்கற இடங்கள்ல எழுதறதை விட ஜர்னல்ல வரிசையா எழுதறது சில சமயம் வேகமா முடியும்.

பக் என்னன்னா, 2.4.20 ப்ரீ5ல (ரிலீஸுக்கு முந்தின சோதனை பதிப்பு) எக்ஸ்ட்3யோட எஃப்சிங்க் பாதைல ஒரு ஆப்டிமைசேஷன் போட்டாங்க. "ஜர்னல் கமிட் நடக்கும்போது எப்படியும் இந்த பஃபரை (டேட்டாவை மெமரில வச்சிருக்கற இடம்) எல்லாம் எழுதிட்டு காத்திருக்க போறோம், அப்புறம் இங்க வேற எதுக்கு தனியா எழுதி காத்திருக்கணும்" - இதான் யோசனை, கேக்க சரியா தான் இருக்கு. ஆர்டர்ட் மோடுக்கு சரியும் கூட. ஆனா அதை ஜர்னல் மோடுக்கும் சேர்த்து போட்டுட்டாங்க, அங்க இந்த கணக்கு செல்லாது. டேட்டா மெமரில டர்ட்டியாவே (டிஸ்க்குக்கு எழுதப்படாம) நிக்கும், அன்மவுண்ட் பண்ணும்போது (ஃபைல் சிஸ்டத்தை கழட்டும்போது) சத்தமில்லாம தூக்கி போட்டுடும். அன்மவுண்டுக்கு முந்தின 30 செகண்டுக்குள்ள எழுதின எதுவும் டிஸ்க்குக்கு போகாம போகலாம். இத்தனைக்கும் கரண்ட் போகல, கிராஷ் ஆகல, ஒழுங்கா முறையா அன்மவுண்ட் பண்றோம், அப்பதான் டேட்டா போகுது. ரொம்ப பாதுகாப்பு வேணும்னு இந்த மோடை எடுத்தவங்களுக்கு மட்டும் விழுந்த அடி இது.

இதுல இன்னொரு தொல்லை, இ2எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தை சோதிக்கற கருவி) ஓட்டினா எல்லாம் சுத்தம்னு சொல்லும். அது பாக்கறது இனோட் (ஒவ்வொரு ஃபைலோட விவரப் பதிவு), பிட்மேப், டைரக்டரி இந்த மாதிரி கட்டமைப்பை மட்டும் தான், ஃபைலுக்குள்ள இருக்கறது நீங்க எழுதினதா பழைய குப்பையான்னு அதுக்கு தெரிய வழியே இல்ல. ஆக எரர் மெசேஜ் கிடையாது, லாக்ல ஒண்ணும் கிடையாது, அடுத்த தடவை மவுண்ட் பண்ணி ஃபைலை திறந்து பாத்தா தான் தெரியும்.

சரி, இப்ப வழிகளை பாப்போம். கெர்னல் கோட் பக்கமே போகாம, மெஷினை நடத்தறவங்க கையில இருக்கறது மூணு.

ஒண்ணு, அன்மவுண்டுக்கு முன்னாடி சிங்க் கமாண்ட் (மெமரில நிக்கறதை எல்லாம் டிஸ்க்குக்கு எழுத சொல்றது) அடிக்கறது. பக் வெளிய வந்தப்ப சொல்லப்பட்ட தற்காலிக வழியும் இதான். செலவே இல்ல, ஷட்டவுன் ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேர்த்தா போதும், ரீபூட் கூட வேண்டாம். ஆனா சிங்க் முடிஞ்சு அன்மவுண்ட் தொடங்கறதுக்கு நடுவுல ஏதாவது ப்ராசஸ் ஒரு ஃபைலை எழுதி மூடிட்டு போச்சுன்னா அது மறுபடி அதே ஓட்டைல விழும். அதனால மொதல்ல எழுதற ப்ராசஸை எல்லாம் நிறுத்தணும், அப்புறம் சிங்க், அப்புறம் அன்மவுண்ட், இந்த வரிசை மாறக்கூடாது. ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஷட்டவுன்ல அன்மவுண்ட் பண்றது கிடையாது, ரீட் ஒன்லியா ரீமவுண்ட் தான் பண்ணுவாங்க, அங்கயும் இதே வரிசையை போட்டு வைக்கறது நல்லது. ஆட்டோமவுண்டர் ஓடுதுன்னா இன்னும் கஷ்டம், அது பாட்டுக்கு தனக்கு தோணும்போது அன்மவுண்ட் பண்ணும், உங்க ஸ்கிரிப்ட் அதுக்கு நடுவுல எங்க போய் நிக்கும்? ரெண்டு மூணு நாள் சமாளிக்க ஓகே, இதையே ஃபிக்ஸ்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.

ரெண்டு, ஆர்டர்ட் மோடுக்கு மாறிடறது. பாக்க இதான் ரொம்ப சுலபமா தெரியும், ஆனா இதுல மூணு முள்ளு இருக்கு. ரீமவுண்ட் பண்ணி டேட்டா மோடை மாத்த முடியாது, கெர்னல் விடாது, அப்ப முழுசா அன்மவுண்ட் பண்ணி தான் ஆகணும், அதாவது எந்த செயல்ல பக் இருக்கோ அதையே ஒரு தடவை செஞ்சு தான் வெளிய வர முடியும், அதுக்கு முன்னாடி சிங்க் மறக்காதீங்க. ரூட்டுன்னா பூட் லோடர்ல ரூட்ஃப்ளாக்ஸ்ல போய் மாத்தணும். அடுத்தது, ட்யூன்2எஃப்எஸ் வச்சு சூப்பர்பிளாக்லயே (ஃபைல் சிஸ்டத்தோட தலைப்பு பதிவு) ஜர்னல் மோடை டீஃபால்ட் மவுண்ட் ஆப்ஷனா பதிச்சு வச்சிருந்தா எஃப்எஸ்டேப்ல (மவுண்ட் பட்டியல் ஃபைல்) அந்த ஆப்ஷனை அழிச்சா மட்டும் போதாது. மூணாவது தான் நிறைய பேர் கண்ணுக்கு தெரியாம போறது: சேட்டர் கமாண்ட்ல பிளஸ் ஜேன்னு ஒரு கொடி (ஃப்ளாக்) போட்டு தனித்தனி ஃபைலுக்கு டேட்டா ஜர்னலிங் கொடுக்க முடியும். ஃபைல் சிஸ்டம் ஆர்டர்ட்ல மவுண்ட் ஆகியிருந்தாலும் அந்த ஃபைல்கள் மட்டும் ஜர்னல் மோட்ல தான் ஓடும். அப்ப "நான் ஆர்டர்டுக்கு மாறிட்டேன், எனக்கு பிரச்சனை இல்ல"ன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்போதே, யாரோ எப்பவோ கொடி போட்டு வச்ச முக்கியமான ஃபைல்கள் அதே பக்குல மாட்டிக்கிட்டு இருக்கும். எல்எஸ்ஏட்டர் (அந்த கொடிகளை காட்டற கமாண்ட்) ஓட்டி மொத்தத்தையும் ஒருவாட்டி தேடி பாத்துடணும்.

அதோட மோட் மாறினா கிடைக்கற பாதுகாப்பும் மாறும். ஏற்கனவே இருக்கற ஒரு ஃபைலோட நடுப்பகுதியை அதே இடத்துல மேல எழுதறீங்க, பாதில கரண்ட் போச்சு, ஆர்டர்ட்ல கொஞ்சம் பழசு கொஞ்சம் புதுசுன்னு கலந்து கிடக்கும். ஜர்னல் மோட்ல கமிட் ஆன ட்ரான்சாக்ஷன் (ஒரே கட்டா பதியற மாற்றங்கள்) ரீப்ளேல முழுசா வந்துடும், ஆகாதது வராது. அதுக்காக உங்க அப்ளிகேஷனோட பெரிய ரைட் ஒண்ணு பிரியாம ஒரே மொத்தமா போகும்னு அர்த்தம் இல்ல, அது ரெண்டு ட்ரான்சாக்ஷனா பிரிஞ்சா பிரிஞ்சது தான், ஆனாலும் ஆர்டர்டை விட ஒரு படி மேல. எதுக்காக அந்த மோடை எடுத்தீங்களோ அந்த காரணம் இன்னும் இருக்குன்னா மாறறது தீர்வு இல்ல.

மூணு, 2.4.19க்கு திரும்பறது. அந்த ஆப்டிமைசேஷன் 2.4.20 ப்ரீ5ல தான் நுழைஞ்சது, அதனால 2.4.19ல இந்த பக் கிடையாது. புது கெர்னல்ல வந்த டிரைவரோ வேற ஃபிக்ஸோ உங்களுக்கு தேவை இல்லன்னா இது மோசமான வழி இல்ல, சொல்லப்போனா பேட்ச் போட்டு கம்பைல் பண்ண ஆள் இல்லாத இடத்துல நான் இதைத்தான் சொல்லுவேன். தேவை இருக்குன்னா இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

இப்ப கோட் பக்கம். இங்க தான் சுவாரசியமே.

மொதல் யோசனை, அந்த ஆப்டிமைசேஷனை அப்படியே ரிவர்ட் பண்ணிடறது (எடுத்துட்டு பழைய கோடுக்கே திரும்பறது). ஸ்டேபிள் பிராஞ்சுன்னாலே எனக்கு ரிவர்ட் மேல ஒரு பாசம் உண்டு, ஏன்னா ரிவர்ட் பண்ணா நீங்க போய் நிக்கற இடம் ஏற்கனவே நிறைய பேர் ஓட்டி பாத்த இடம், புதுசா எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. ஆனா இங்க ஆர்டர்ட் மோட்ல அந்த மாற்றம் சரியாவும் இருந்தது, பிரயோஜனமாவும் இருந்தது. யூசர்ல பெரும்பாலானவங்க அங்க தான் இருக்காங்க, அவங்க எஃப்சிங்கை மறுபடி மெதுவாக்கறதுக்கு காரணம் கேப்பாங்க. "எங்க மோட்ல பக்கே இல்லையே"ன்னு சொன்னா பதில் கிடையாது.

ரெண்டாவது, ஒரு கண்டிஷன் போட்டு ஆப்டிமைசேஷனை ஆர்டர்டுக்கு மட்டும்னு சுருக்கறது. எக்ஸ்ட்3 பொறுப்புல இருந்த ஆண்ட்ரூ மார்ட்டன் பக்கை அறிவிச்சப்ப சொன்ன ஃபிக்ஸோட சாராம்சமும் இதான்: ஆர்டர்ட்ல ஓடற இனோடுக்கு மட்டும் இதை செய். கேக்க ஒரு வரி, ஆனா அந்த ஒரு வரியை ரெண்டு விதமா எழுதலாம், எது எழுதறீங்கங்கறதுல விஷயம் இருக்கு. "ஜர்னல் மோடா இருந்தா ஆப்டிமைஸ் பண்ணாதே"ன்னு எழுதலாம், இல்ல "ஆர்டர்ட் மோடா இருந்தா மட்டும் ஆப்டிமைஸ் பண்ணு"ன்னு எழுதலாம். மேலோட்டமா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். மொதல் விதத்துல எழுதினா ரைட்பேக் மோட் ஆப்டிமைசேஷனுக்குள்ள நுழைஞ்சிடும், அங்க கமிட் டேட்டாவை எழுதறதே இல்ல, அப்ப எஃப்சிங்க் அடிச்சும் டேட்டா போகாத புது பக் ஒண்ணை நீங்களே பெத்து விட்ட மாதிரி ஆகும். ரெண்டாவது விதத்துல எழுதினா தெரியாத எந்த மோட் வந்தாலும் மெதுவான பாதைக்கு போகும், மெதுவா போனா யாரும் டேட்டாவை இழக்க மாட்டாங்க. இந்த மாதிரி இடத்துல எப்பவுமே "எது நிச்சயமா சரியோ அதுக்கு மட்டும் அனுமதி"ன்னு எழுதறது தான் என் கட்சி.

அப்புறம் செக் பண்றது மவுண்ட் ஆப்ஷனையா இனோடையா? இனோடைத்தான். மேல சொன்ன பிளஸ் ஜே ஃபைல்கள் இருக்கே. எக்ஸ்ட்3ல இதுக்குன்னே குட்டி ஹெல்ப்பர் ஃபங்ஷன்கள் இருக்கு, எக்ஸ்ட்3_ஷுட்_ஆர்டர்_டேட்டான்னு ஒண்ணு, அது மொதல்ல சாதாரண ஃபைலான்னு பாக்கும், அப்புறம் இனோட்ல ஜர்னல் கொடி இருக்கான்னு பாக்கும், இருந்தா இல்லன்னு சொல்லிடும், கடைசியா தான் மவுண்ட் ஆப்ஷனை பாக்கும். அதை கூப்பிட்டா வேலை முடிஞ்சது. யாராவது அவசரத்துல சூப்பர்பிளாக்கோட மவுண்ட் ஃப்ளாக்கை நேரா எடுத்து பாத்து எழுதினாங்கன்னா மவுண்ட் மோடுக்கு பக் போயிடும், கொடி போட்ட ஃபைலுக்கு அப்படியே இருக்கும், டெஸ்ட்லயும் சிக்காது, ஏன்னா டெஸ்ட் எழுதறவங்க டேட்டா=ஜர்னல்னு மவுண்ட் பண்ணி தான் பாப்பாங்க.

மூணாவது வழி டிசைன் பக்கம் போகுது. இந்த பக் ஏன் அன்மவுண்ட்ல வந்து வெடிச்சதுன்னு கேட்டுக்கிட்டே போனா எஃப்சிங்க் ஆப்டிமைசேஷனை தாண்டி ஒரு கேள்வி வரும்: அன்மவுண்ட் பண்ணும்போது "எல்லாத்தையும் எழுதி முடி, முடியற வரைக்கும் நான் காத்திருக்கேன்"னு விஎஃப்எஸ் லேயர் (எல்லா ஃபைல் சிஸ்டத்துக்கும் மேல இருக்கற பொது அடுக்கு) ஃபைல் சிஸ்டத்துக்கிட்ட எப்படி சொல்லுது? அந்த காலத்துல அதுக்கு இருந்தது ரைட்_சூப்பர்னு ஒரு ஹூக் (ஃபைல் சிஸ்டம் எழுதி வைக்கும், மேல இருந்து கூப்பிடற ஃபங்ஷன்). அதே ஹூக்கை தான் பின்னணில ஓடற கேஅப்டேட்டும் சில செகண்டுக்கு ஒரு தடவை சும்மா வழக்கமா கூப்பிடும், சிங்க் கமாண்டும் கூப்பிடும், அன்மவுண்டும் கூப்பிடும். கூப்பிடறது யாருன்னு எக்ஸ்ட்3க்கு தெரியாது. ஒவ்வொரு தடவையும் கமிட் முடியற வரைக்கும் காத்திருந்தா பின்னணி த்ரெட் அங்கயே மாட்டிக்கும், வேகம் படுத்துடும். காத்திருக்காம கமிட்டை கிளப்பி விட்டுட்டு திரும்பினா, வழக்கமான வேலைக்கு அது போதும், ஆனா அன்மவுண்ட் "முடிஞ்சிடுச்சு"ன்னு நெனச்சு மேல போயிடும். ஒரே கதவை தபால்காரரும் தட்டறார் ஆம்புலன்ஸ்காரரும் தட்டறார், ஒரே மாதிரி தட்டினா உள்ள இருக்கறவருக்கு எப்படி தெரியும்?

அதுக்கு வந்த பதில் தான் சிங்க்_எஃப்எஸ். 2.5 டெவலப்மெண்ட் கெர்னல்ல இதை சேர்த்தாங்க, நோக்கமே இந்த ஜர்னல் டேட்டா அன்மவுண்ட் இழப்பை ஒழுங்கா சரி பண்றது தான். அன்மவுண்டும் சிங்கும் இதை கூப்பிடும், கூடவே "காத்திரு" இல்ல "காத்திருக்காதே"ன்னு ஒரு ஆர்க்யுமெண்ட் போகும். எக்ஸ்ட்3 அதுல கமிட்டை கிளப்பும், காத்திருன்னு சொல்லியிருந்தா அந்த ட்ரான்சாக்ஷன் முடியற வரைக்கும் நிக்கும், அவ்ளோ தான் மொத்த கோடும். அந்த ஆர்க்யுமெண்டால இன்னொரு லாபம்: சிங்க் அடிக்கும்போது எல்லா ஃபைல் சிஸ்டத்தையும் மொதல்ல காத்திருக்காம ஒரு சுத்து கிளப்பி விட்டுட்டு, ரெண்டாவது சுத்துல காத்திருக்கலாம், அப்ப நாலு டிஸ்க் இருந்தா நாலும் ஒரே நேரத்துல எழுதும், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு வரிசைல நிக்க வேண்டாம். இந்த ஹூக் இன்னைக்கும் லினக்ஸ்ல இருக்கு, பழைய ரைட்_சூப்பரை தான் 2012ல 3.6 கெர்னலோட தூக்கிட்டாங்க. பத்து வருஷம் ஆச்சு அதை முழுசா வழியனுப்ப.

அப்ப இதையே 2.4லயும் உடனே போட்டிருக்கலாமேன்னு தோணும். பிரச்சனை என்னன்னா இது எக்ஸ்ட்3க்குள்ள அடங்கற மாற்றம் இல்ல, விஎஃப்எஸ்ல எல்லா ஃபைல் சிஸ்டமும் பயன்படுத்தற ஒரு ஸ்ட்ரக்சர்ல புது ஃபீல்ட் சேருது. வெளிய தனியா கம்பைல் பண்ணி வச்சிருக்கற மாட்யூலை எல்லாம் மறுபடி கம்பைல் பண்ணணும். சிங்க் கமாண்டோட பாதை மாறுது, அதை எல்லா ஃபைல் சிஸ்டத்துலயும் டெஸ்ட் பண்ணணும். டேட்டா போயிட்டு இருக்கற நேரத்துல, ஒரு மோட்ல இருக்கற பக்குக்காக, பக்கே இல்லாத மத்த ஃபைல் சிஸ்டத்தோட சிங்க் பாதையை தொடறதுக்கு தைரியம் வேணும், அந்த தைரியம் ஸ்டேபிள்ல நல்லது இல்ல.

என் முடிவு இது தான்: ஸ்டேபிள்ல இன்னைக்கே கண்டிஷன் பேட்ச், ஆர்டர்ட் இனோடுக்கு மட்டும்ங்கற வடிவத்துல. டெவலப்மெண்ட் பிராஞ்சுல சிங்க்_எஃப்எஸ் மாதிரி டிசைன் மாற்றம், அங்க கொஞ்ச நாள் ஊறின பிறகு கீழ கொண்டு வர்றதை பத்தி பேசலாம். ரெண்டுல ஒண்ணு தான்னு கட்டாயப்படுத்தி என்னை கேட்டா டிசைன் மாற்றத்தை எடுப்பேன், ஏன்னா கண்டிஷன் பேட்ச் இந்த ஆப்டிமைசேஷனை மட்டும் அடைக்குது, அன்மவுண்ட் காத்திருக்குமா இல்லையாங்கற கேள்வி அப்படியே தான் நிக்குது, நாளைக்கு வேற ஒருத்தர் வேற ஒரு ஆப்டிமைசேஷனோட வருவார். ஆனா யாரும் அப்படி கட்டாயப்படுத்த போறதில்ல, நேரம் வேற, பிராஞ்ச் வேற, ரெண்டும் போடலாம்.

டெஸ்ட் விஷயம் ஒண்ணு சொல்லணும். ஜர்னல்னாலே எல்லாரும் கிராஷ் டெஸ்ட் பக்கம் ஓடுவாங்க, கரண்டை பிடுங்கற மாதிரி நடிக்க டிவைஸ் மேப்பர்ல கருவிகள் இருக்கு, எல்லாம் சரி. இந்த பக்குக்கு அது எதுவும் வேண்டாம், லூப் டிவைஸ்ல (ஒரு ஃபைலை டிஸ்க் மாதிரி காட்டறது) ஒரு எக்ஸ்ட்3 இமேஜை டேட்டா=ஜர்னல்ல மவுண்ட் பண்ணு, ஃபைல் எழுது, எம்டி5 (உள்ளடக்கத்தோட கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து வை, 30 செகண்ட் ஆகறதுக்குள்ள அன்மவுண்ட் பண்ணு, மறுபடி மவுண்ட் பண்ணி எம்டி5 ஒப்பிடு. அவ்ளோ தான். இதையே எஃப்சிங்க் அடிச்சு ஒரு தடவை அடிக்காம ஒரு தடவை, அப்புறம் ஆர்டர்ட்ல மவுண்ட் பண்ணி பிளஸ் ஜே ஃபைல்ல ஒரு தடவை, அப்புறம் ரீட் ஒன்லி ரீமவுண்ட் பண்ணி ஒரு தடவை. இது ப்ரீ5ல இருந்து ரிலீஸ் வரைக்கும் மூணு மாசம் மாட்டாம போனதுக்கு காரணம் டெஸ்ட் கஷ்டமா இருந்ததில்ல, அந்த மோட்ல ஓட்டி பாத்தவங்க கம்மி.

சின்ன பேட்சே கிடையாது, பெரிய வழி தான் உண்டுங்கற மாதிரி பக்கும் இருக்கு. எக்ஸ்ட்3க்கு அடுத்து வந்த எக்ஸ்ட்4ல டேட்டா=ஜர்னல் மோட்ல எம்மேப் (ஃபைலை ப்ராசஸோட மெமரில நேரா இணைக்கறது) பண்ண பக்கங்களோட பிரச்சனை, 2020 கடைசில 5.10 கெர்னல்ல சரி பண்ணது. சாதாரண ரைட் கால்னா, கமிட் ஆகிட்டு இருக்கற பஃபரை தொடறதுக்கு முன்னாடி ஜர்னல் லேயர்கிட்ட அனுமதி கேக்கணும், அது தேவைப்பட்டா பழைய உள்ளடக்கத்தை ஒரு காப்பி எடுத்து உறைய வச்சிடும். எம்மேப்ல அப்படி கேக்கறதே இல்ல, ப்ராசஸ் மெமரில நேரா எழுதிட்டு போயிட்டே இருக்கும். ஜர்னல் செக்சம் (டேட்டா மாறலையான்னு சரிபாக்கற எண்) கணக்கு போட்ட பிறகு, டிஸ்க்குக்கு எழுதறதுக்கு முன்னாடி அந்த பக்கம் மாறிடுச்சுன்னா ஜர்னல்ல இருக்கற செக்சமும் டேட்டாவும் ஒத்துப்போகாது, கிராஷுக்கு அப்புறம் ரீப்ளே அங்க தடுக்கி விழும்.

இதுக்கு என்ன வழிகள்? செக்சமை ஆஃப் பண்ணலாம், அது காய்ச்சல் இல்லன்னு தெர்மாமீட்டரை ஒளிச்சு வைக்கறது, தள்ளுங்க. ஒவ்வொரு டேட்டா பிளாக்கையும் கமிட்ல காப்பி எடுக்கலாம். இது ஏற்கனவே ஒரு இடத்துல நடக்குது: டேட்டா பிளாக்கோட மொதல் நாலு பைட் தற்செயலா ஜர்னலோட மேஜிக் நம்பரா இருந்துட்டா ரீப்ளேல குழப்பம் வரக்கூடாதுன்னு ஒரு காப்பி எடுத்து அந்த நாலு பைட்டை பூஜ்யமாக்கி, டேக்ல ஒரு கொடி போட்டு எழுதும். அது அபூர்வம்ங்கறதால செலவு தெரியாது, எல்லா பிளாக்குக்கும் செஞ்சா ஏற்கனவே ரெண்டு தடவை எழுதற மோடு மேல மெமரி காப்பியும் சேர்ந்துக்கும். கடைசில எடுத்த வழி, கமிட்டுக்கு முன்னாடி அந்த பக்கங்களை ரைட் ப்ரொடெக்ட் பண்றது, அப்புறம் ப்ராசஸ் எழுத வந்தா பேஜ் ஃபால்ட் ஆகி அனுமதி கேக்கற பாதைக்குள்ள வந்து தான் ஆகணும். செலவு யாருக்குன்னா எம்மேப்ல எழுதறவங்களுக்கு மட்டும், மத்தவங்களுக்கு இல்ல. இதுக்கு கமிட் பாதைல ஃபைல் சிஸ்டத்தை திரும்ப கூப்பிடற கால்பேக் எல்லாம் சேர்க்க வேண்டி வந்தது, ஒரு வரில முடியற வேலையே இல்ல, ஆனா இங்க ஒரு வரி வழின்னு ஒண்ணு இல்லவும் இல்ல.

அப்ப டேட்டா=ஜர்னலே வேண்டாம்னு விட்டுடலாமா? எக்ஸ்ட்4ல இந்த மோட் போட்டா டிலேய்ட் அலோகேஷன் (டிஸ்க்ல இடம் ஒதுக்கறதை தள்ளிப் போடறது) கிடையாது, டைரக்ட் ஐஓ (கேஷை தாண்டி நேரா டிஸ்க்குக்கு போறது) கிடையாது. ஓட்டி பாக்கறவங்களும் கம்மி, அதனால பக் வந்தா லேட்டா தான் தெரியும். அப்ளிகேஷன் ஒழுங்கா தற்காலிக ஃபைல்ல எழுதி, எஃப்சிங்க் அடிச்சு, ரீநேம் பண்ணுதுன்னா பெரும்பாலும் ஆர்டர்டே போதும், நானா இருந்தா அங்க தான் இருப்பேன். அப்ளிகேஷன் உங்க கையில இல்ல, அது ஃபைல் நடுவுல மேல மேல எழுதற ரகம், மாத்தவும் முடியாதுன்னா ஜர்னல் மோட்ல இருங்க. கெர்னல் அப்கிரேட் பண்ற ஒவ்வொரு தடவையும் அந்த எம்டி5 டெஸ்டை மட்டும் ஓட்டிட்டு அப்புறம் ப்ரொடக்ஷனுக்கு விடுங்க.